கர்ப்பத்தில் மூளைக் கட்டி: கலைப்பதா என்று கேட்பதற்கு முன்னால்

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 8

அக்காவுக்கு முதல் கர்ப்பம், 21 வாரம். கொஞ்ச நாளாகவே தலைவலி, காலையில் எழுந்தவுடன் வாந்தி. மசக்கை என்றுதான் நினைத்தோம். போன வாரம் வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்துவிட்டாள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் முன்பக்கம் 3 செ.மீ. கட்டி, மெனிஞ்சியோமா போலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். மாமா வீட்டில், முதலில் கருவைக் கலைத்துவிடலாம், அப்புறம் ஆபரேஷன் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அக்கா அழுதபடியே இருக்கிறாள். இந்த நிலைமையில் யாராவது நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்களா?

ஜூன் 8, இரவு

நான் பெற்றிருக்கிறேன். எனக்கும் மெனிஞ்சியோமாதான், மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் வரும் கட்டி. என் இரண்டாவது மகன் வயிற்றில் இருக்கும்போதுதான் தலையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

கலைப்பது பற்றி இன்றைக்கு யாரும் முடிவெடுக்க வேண்டாம், தம்பி. கட்டி என்ற வார்த்தையைக் கேட்டவுடன் வீட்டில் தாயா பிள்ளையா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். டாக்டர்கள் பார்ப்பது வேறு. எத்தனை வாரம், கண்பார்வை சரியாக இருக்கிறதா, கண்ணுக்குள் நரம்பு வீங்கியிருக்கிறதா, கட்டியைச் சுற்றி மூளையில் நீர் கோத்திருக்கிறதா, வலிப்பு மருந்துக்கு அடங்குகிறதா. இந்தப் பதில்கள் கையில் இல்லாமல் கலைக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் பயத்தில்தான் பேசுகிறார்.

21 வாரம் என்பது நடு மாதங்கள். ஆபரேஷன் அவசரமாகத் தேவைப்பட்டால் இதுதான் இருப்பதில் நல்ல காலம். முதல் மூன்று மாதத்தில் பிள்ளைக்கு உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும், கரு கலையும் வாய்ப்பும் கூட. கடைசி மாதங்களில் கர்ப்பப்பை பெரிதாகிவிடும், குறைமாதப் பிரசவ பயம் இருக்கும். அவசரம் இல்லையென்றால் பிரசவம் வரைக்கும் காத்திருந்து பிறகு எடுப்பார்கள். இரண்டு வழியிலும் பிள்ளை இருக்கிறது.

ஜூன் 8, இன்னும் ஒன்று

அவசரமாக எழுதியதில் விட்டுப்போனது. திடீரென்று தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்குவது, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் தூங்கிக்கொண்டே இருப்பது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, மறுபடி வலிப்பு. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஜூன் 10

அக்காவை இப்போது எங்கே காட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூளை அறுவைப் பிரிவும் பிரசவ வார்டும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இது உண்டு. எங்களுக்கு முதலில் அப்படி அமையவில்லை. மூளை டாக்டர் ஓர் ஊரில், மகப்பேறு டாக்டர் வேறு ஊரில். என் வீட்டுக்காரர் ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் அலைந்தார். அங்கே ‘பிரசவ டாக்டர் சம்மதித்தால் செய்கிறோம்’ என்பார்கள், இங்கே ‘மூளை டாக்டர் சொல்லட்டும்’ என்பார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் யாரும் முடிவும் சொல்லவில்லை. அந்த இழுபறியில்தான் என் பார்வை இன்னும் கொஞ்சம் போனது. கடைசியில் ஒரே இடத்துக்கு மாறியபிறகு மூளை அறுவை டாக்டர், மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் நான்கு பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். கால்மணி நேரம்தான். எல்லாம் தெளிவாகிவிட்டது.

பணம் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மூளைக் கட்டி ஆபரேஷன் அதில் வரும். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்), தாய் சேய் அட்டை இரண்டையும் பையிலேயே வைத்திருங்கள், போகிற இடத்திலெல்லாம் கேட்பார்கள்.

ஜூன் 11

என் கதையைக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் தையல் தொழில் செய்கிறவள். மிஷினுக்கு வலது பக்கம் கத்தரிக்கோலை வைப்பது பல வருஷப் பழக்கம். ஐந்தாம் மாதத்தில் அந்தக் கத்தரிக்கோல் காணாமல் போக ஆரம்பித்தது. வைத்த இடத்தில்தான் இருக்கும், கை போய்த் தொட்டால் கிடைக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஊசி தெரிகிறது, ஊசிக்குக் கீழே போகிற துணி தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பது இல்லை. மூத்தவள் ஒளித்துவைத்து விளையாடுகிறாள் என்று அவளைத் திட்டினேன். அப்புறம் நிலைப்படியில் தோள் இடிக்க ஆரம்பித்தது, இரண்டு பக்கமும்.

முதலில் பார்த்த இடத்தில் கர்ப்பத்தில் தலைவலி சகஜம் என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணாடி மாற்றலாமென்று கண்ணாடிக் கடைக்குப் போனபோது அங்கே கண் பார்த்த பெண்தான், ‘அக்கா, உங்களுக்குப் பவர் சரியாக இருக்கிறது, எழுத்தெல்லாம் படிக்கிறீர்கள், ஆனால் பக்கத்தில் என் விரலை ஆட்டினால் தெரியவில்லை என்கிறீர்கள், இது கண்ணாடி விஷயம் இல்லை’ என்று சொல்லி நேராகக் கண் மருத்துவமனைக்கு அனுப்பினாள். அந்தப் பெண்ணுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

அங்கே பார்வைப் புலச் சோதனை செய்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்த்தபடி, சுற்றிலும் எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் ரொம்ப நேரம் அழுத்தவே இல்லை, மிஷின் வேலை செய்யவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளில் வந்த படத்தில் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி கறுப்பு. இரண்டு கண் நரம்பும் குறுக்காகச் சேரும் இடத்தைக் கீழேயிருந்து ஏதோ அழுத்தினால்தான் இப்படி வரும் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் எம்.ஆர்.ஐ.

ஊசி, மருந்து, வலி எதுவும் இல்லாத சோதனை அது. தலைவலியோடு பார்வையில் எந்த மாற்றம் இருந்தாலும் கர்ப்பிணிகள் கண்ணைக் காட்டிவிட வேண்டும். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாலே மூளையில் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பல நேரம் தெரிந்துவிடும்.

ஜூன் 13

‘கர்ப்பத்தால்தான் கட்டி வந்ததா’ என்று உங்கள் மாமா கேட்கிறாராம். இல்லை. அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு மூளைக் கட்டி அதிகமாக வருவதில்லை. ஏற்கெனவே சத்தமில்லாமல் இருந்தது கர்ப்பத்தில் வெளியே தெரிகிறது. மெனிஞ்சியோமா மூளையில் வருவதுகூட இல்லை, மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் வருவது. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத, மெதுவாக வளரும் கட்டி. ஆனால் இந்தக் கட்டிகள் பலவற்றில் புரோஜெஸ்டிரோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. கர்ப்பத்தில் அந்த ஹார்மோன் எவ்வளவு ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு உடம்பில் நீரும் ரத்தமும் கூடுவதால் கட்டி உப்புகிறது. கட்டியின் செல்கள் பெருகியே ஆக வேண்டும் என்றில்லை, உப்பினாலே போதும், பக்கத்தில் இருக்கும் நரம்பு நசுங்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கும் அவரோடு வேலை பார்த்த லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற பெண் மருத்துவரும் 1929-லேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு இருந்த அதே இடத்துக் கட்டி, கர்ப்பத்தில் பார்வை மங்கி, பிரசவத்துக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்த பெண்கள். சி.டி. ஸ்கேன் இல்லாத காலம். தலைக்குச் சி.டி. எடுக்கப்பட்ட முதல் நோயாளியே 1971-ல் லண்டனில் ஒரு பெண், மூளையின் முன்பக்கக் கட்டி. ஐசன்ஹார்ட் பற்றி எனக்குப் படித்துக் காட்டியவர் ஒரு பயிற்சி டாக்டர். நுண்ணோக்கியில் கட்டியைப் பார்த்து என்ன வகை என்று சொல்வதில் அந்த அம்மாவுக்கு நிகர் இல்லையாம். குஷிங் பெயரில் இருந்த மூளை அறுவை மருத்துவர்கள் சங்கத்துக்கே தலைவராக இருந்திருக்கிறார், அதுவும் 1938-ல். அதைக் கேட்டபோது எனக்கு அப்படியொரு தைரியம் வந்தது.

ஜூன் 14

கேள்வி: எம்.ஆர்.ஐ. இன்னொரு தடவை எடுக்கச் சொல்கிறார்கள், பிள்ளைக்கு ஆகாதே?

எம்.ஆர்.ஐ.-யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. எந்த மாதத்திலும் எடுக்கலாம். கையில் ஊசி போட்டு ஏற்றும் கடோலினியம் சாய மருந்தைத்தான் கர்ப்பத்தில் முடிந்தவரை தவிர்ப்பார்கள். ‘சாயம் இல்லாமலா’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சி.டி. கூடத் தலைக்கு மட்டும் என்றால் வயிற்றுக்குப் போகும் கதிர் மிகக் குறைவு, 0.01 மில்லிகிரேக்கும் கீழே. ஒன்றுமே எடுக்காமல் இருந்தாலும் கர்ப்ப காலம் முழுக்க இயற்கையிலிருந்து பிள்ளைக்குக் கிடைப்பது சுமார் 1 மில்லிகிரே. அவசரத்துக்குச் சி.டி. எடுக்க வேண்டியிருந்தால் தயங்காதீர்கள்.

ஜூன் 17

மருந்துச் சீட்டின் படத்தைப் பார்த்தேன். லெவிடிராசெட்டம் எழுதியிருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு வலிப்புக்கு இப்போது அதிகம் கொடுப்பது அதுவும் லாமோட்ரிஜினும்தான். தவிர்க்க வேண்டியது வால்புரோயேட், பிள்ளைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடும் அறிவு வளர்ச்சிக் குறைவும் வரக்கூடும். ஒன்றை மறக்க வேண்டாம், மாதம் ஏற ஏற லெவிடிராசெட்டம் ரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். அளவைக் கூட்ட வேண்டிவரலாம். பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது சொல்லி அக்கா மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டால் அதுதான் ஆபத்து. வலிப்பு வரும்போது பிள்ளைக்கும் மூச்சுக்காற்று குறைகிறது.

வீக்கம் குறைய ஸ்டீராய்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிரெட்னிசலோனைத் தாய்க்குக் கொடுத்தால் நஞ்சுக்கொடி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும், பிள்ளைக்குக் கொஞ்சம்தான் போகும். டெக்சாமெத்தசோன் நேராகப் போய்ச் சேரும். குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் என்ற நிலை வந்தால் பிள்ளையின் நுரையீரல் பழுக்க வேண்டுமென்று அதே டெக்சாமெத்தசோனை வேண்டுமென்றே போடுவார்கள், 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசியாக நான்கு. ஆகவே தாய்க்காக எது, பிள்ளைக்காக எது என்று சீட்டில் கேட்டு எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டு எடுக்கும்போது சர்க்கரை ஏறும், எனக்கு ஏறியது. சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜூன் 18

கண் பரிசோதனையில் நரம்பு வீக்கம் இல்லை, பார்வைப் புலம் முழுசாக இருக்கிறது. நல்ல செய்தி தம்பி. டாக்டர் காத்திருக்கலாம் என்று சொன்னதன் அர்த்தம் இதுதான். காத்திருப்பது சும்மா இருப்பது அல்ல. மாதம் ஒருமுறை கண், இடையில் ஒரு எம்.ஆர்.ஐ., மருந்து தவறாமல்.

ஜூன் 22

பிட்யூட்டரி கட்டி பற்றி இன்னொரு சகோதரி கேட்டிருக்கிறார். புரோலாக்டினோமா, அதாவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்து, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் கட்டி. குழந்தை நிற்காமல் இருந்து, மாத்திரை சாப்பிட்டு, இப்போது 7 வாரம்.

வாழ்த்துகள் முதலில். மூளைப் பக்கத்துக் கட்டிகளிலேயே கர்ப்பத்தோடு அதிகம் பழகியது இதுதான், ஏனென்றால் இதற்கு மருந்து கொடுத்தால்தான் பலருக்குக் கர்ப்பமே நிற்கிறது. 10 மி.மீ.-க்குச் சின்னதாக இருந்தால் கர்ப்பம் உறுதியானதும் கேபர்கோலினையோ புரோமோகிரிப்டினையோ வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். அந்த அளவுக் கட்டி கர்ப்பத்தில் தொல்லை கொடுக்கும் அளவு வளர்வது நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான். 10 மி.மீ.-க்கு மேல் இருந்து முன்பு ஆபரேஷனும் ஆகாமல் இருந்தால் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு வளரலாம். அவர்களுக்கு மருந்தைத் தொடர்வதுண்டு. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

கர்ப்பத்தில் புரோலாக்டின் ரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். கட்டி இல்லாத பெண்ணுக்கும் பிரசவம் நெருங்கும்போது பத்து மடங்கு ஏறிவிடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கண்பார்வைதான் அளவுகோல். பிறந்தபிறகு தாய்ப்பால் கொடுக்கலாம், அதனால் கட்டி வளராது.

ஜூன் 29

கலைப்பது பற்றிய பேச்சு வீட்டில் இன்னும் ஓயவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 1971 கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தம். 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். 20-லிருந்து 24 வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் விதிகளில் சொன்ன பிரிவுப் பெண்களுக்கு மட்டும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகத் தேவை என்று மருத்துவர் கருதினால் இந்த வார வரம்பு எதுவும் தடையில்லை. அதனால் ‘இப்போதே கலைக்காவிட்டால் பிறகு சட்டம் விடாது’ என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

சம்மதம் யாருடையது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வயதுவந்த பெண்ணாக இருந்தால் அவள் சம்மதம் மட்டும். கணவர் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ தேவையில்லை. இது இரண்டு பக்கமும் பொருந்தும். வேண்டும் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை, எனக்கு முடியவில்லை என்று சொல்லவும் அவளுக்கு உரிமை. அக்காவிடம் தனியாக உட்கார்ந்து யாராவது கேட்டீர்களா? என் அம்மா கேட்டாள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ‘நீ என்ன நினைக்கிறாய், அதைச் சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றாள்.

ஜூலை 6

இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு பெண் ‘எனக்கும் தலைவலி, எனக்கும் கட்டியா’ என்று தனியாகக் கேட்டார். பயப்பட வைக்க நான் எழுதவில்லை. கர்ப்பத்தில் தலைவலி வருகிறவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் இது.

20 வாரத்துக்குப் பிறகு தலைவலி, கண் மங்கல் என்றால் முதலில் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். பேறுகால வலிப்பு அப்படித்தான் தொடங்கும், கட்டியைவிடப் பல மடங்கு அதிகம் வருவது அது. அதற்கு மக்னீசியம் சல்பேட் ஊசி. 20 வாரத்துக்கு முன்னால் வலிப்பு வந்தாலோ, அழுத்தம் சரியாக இருந்தும் வலிப்பு வந்தாலோ தலைக்குப் படம் எடுத்தே ஆக வேண்டும்.

படத்தில் ஏதோ தெரிந்தாலும் அது கட்டிதான் என்றில்லை. நம் நாட்டில் வலிப்போடு வரும் சின்ன வட்டப் புள்ளிகள் பலவும் நாடாப்புழு முட்டையால் வந்த நீர்க்கட்டியாகவோ காசநோய்க் கட்டியாகவோ இருக்கும். ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே தீருபவை.

பிரசவம் ஆன சில நாட்களில் கடும் தலைவலியும் வலிப்பும் வந்தால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு ஊதிவிடும் என்று நம் வீடுகளில் நாக்கை நனைக்கும் அளவுக்குத்தான் கொடுப்பார்கள். உடம்பு வறண்டால் ரத்தம் உறையும். நான் இருந்த வார்டில் அப்படி வந்த பெண்ணைப் பார்த்தேன், பிரசவம் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, வாய் கோணி, பேச்சு குழறி. பாட்டிமார்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

ஜூலை 20

ஆபரேஷன் எப்படி நடந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

26-ஆவது வாரம். பார்வை வாரத்துக்கு வாரம் சுருங்கியதால் பிரசவம் வரை காத்திருக்க முடியாது என்று முடிவானது. மேஜையில் என்னை நேராக மல்லாக்கப் படுக்க வைக்கவில்லை, வலது இடுப்புக்குக் கீழே துணிச்சுருள் வைத்து இடது பக்கம் சாய்த்தார்கள். நேராகப் படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, தாய்க்கு அழுத்தம் இறங்கி, பிள்ளைக்கு ரத்தம் குறையும். மூளையைச் சுருக்க வழக்கமாக ஏற்றும் மானிடால் மருந்தைக் குறைந்த அளவிலேயே வைத்தார்கள், அது நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளை உடம்பிலிருந்தும் நீரை இழுக்கும். இதெல்லாம் மயக்க மருந்து டாக்டர் முந்தின நாள் மாலையே வந்து சொன்னது. அந்த ஆபரேஷனில் பிள்ளையைக் காக்கிறவர் அவர்தான், அவரோடு பேசாமல் போகாதீர்கள்.

கண் விழித்தபோது தலைக்கட்டு, தொண்டையில் எரிச்சல், நா வறண்டிருந்தது. யாரோ வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவினார்கள். நர்ஸ் டாப்ளர் கருவியை வைத்து இரண்டு மூன்று இடத்தில் நகர்த்தினார். அப்புறம் அந்தச் சத்தம், வேகவேகமாக. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, ‘கேக்குதா, உங்க பையனோ பொண்ணோ, 140’ என்றார். நான் அழுதால் தையல் வலிக்கும் என்று அதட்டினார். அப்படியும் அழுதேன்.

38 வாரத்தில் சுகப்பிரசவம். கட்டி முழுசாக எடுக்கப்பட்டு மூளையில் அழுத்தம் இல்லாததால் அனுமதித்தார்கள், கடைசியில் ரொம்ப முக்க வேண்டாமென்று வாக்யூம் வைத்து எடுத்தார்கள். பார்வை இடது கண்ணில் முழுசாகத் திரும்பியது, வலது கண்ணில் ஓரம் இன்னும் மங்கல்தான்.

ஆகஸ்ட் 3

மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். நல்ல கட்டி, நல்ல முடிவு என்றே போகிறது. எல்லோருக்கும் அப்படி இல்லை, அதையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை.

கிளையோமா மூளைக்குள்ளேயே முளைப்பது. மெதுவாக வளரும் வகைகூடக் கர்ப்பத்தில் வேகம் பிடிப்பதை அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ.-களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வேகமான வகை என்றால் நாட்களைக் கணக்குப் பார்க்க நேரம் இருக்காது. ஆபரேஷன் செய்துவிட்டு, தலைக்கு மட்டும் கதிர்வீச்சை, வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு, கர்ப்பத்திலேயே கொடுத்தவர்கள் உண்டு. வயிறு தூரத்தில் இருப்பதால் பிள்ளைக்குச் சேரும் அளவை மிகக் குறைவாக வைக்க முடிகிறது. டெமோசோலமைடு போன்ற புற்றுநோய் மருந்தைப் பிரசவத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள், அதை எடுக்கும்போது தாய்ப்பால் கூடாது. ஆரம்ப வாரங்களிலேயே, தாய் உயிருக்குப் போராடும் நிலையில், கர்ப்பத்தை நிறுத்த வேண்டிவரும் பெண்கள் இருக்கிறார்கள். என் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். அவள் எடுத்த முடிவும் சரியான முடிவு. என் கதையைக் காட்டி அப்படிப்பட்ட ஒரு பெண்ணை யாரும் குற்றம் சொல்லிவிடாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 4

இதோடு சேர்த்து: முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (பிள்ளைக்குப் பதிலாக நஞ்சுத் திசு முத்து முத்தாக வளர்வது) கலைத்தவர்கள் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன தேதிகளில் தவறாமல் செய்யுங்கள். அது கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாக மாறினால் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும், மூளையில் ரத்தம் கசிந்து திடீரென்று விழுவார்கள். சாதாரணப் பிரசவத்துக்குப் பிறகும் அரிதாக வரும். ஆனால் மருந்துக்கு இவ்வளவு நன்றாகக் கேட்கும் புற்றுநோய் குறைவு. அமெரிக்காவில் மின் சியு லியும் ராய் ஹெர்ட்ஸும் 1956-ல் மெத்தோட்ரெக்சேட் கொடுத்து இந்த நோயைக் கரைத்துக் காட்டினார்கள். மூளைக்குப் பரவியபிறகும் குணமாகிறவர்கள் நிறைய. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்குக் காரணம் தெரியாமல் மூளையில் ரத்தக்கசிவு என்றால் ஒரு எச்.சி.ஜி. பார்த்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

செப்டம்பர் 14

அக்காவுக்கு 35 வாரம். சிசேரியன், அதுவும் முழு மயக்கத்தில் என்று சொல்லியிருக்கிறார்கள், ஏன் முதுகில் ஊசி போடவில்லை என்று கேட்கிறீர்கள். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால், கீழே முதுகுத்தண்டில் ஓட்டை போட்டு நீர் கசியும்போது மூளை கீழ்நோக்கி இறங்கிவிடக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. கடைசி எம்.ஆர்.ஐ.-யில் கொஞ்சம் நீர் கோத்திருப்பதாக எழுதியிருக்கிறார்களே, அதனால்தான். கட்டி சின்னதாக, அழுத்தமே இல்லாமல் இருந்தால் முதுகு ஊசியும் போடலாம், சுகப்பிரசவமும் ஆகலாம். மூளையில் கட்டி என்றாலே சிசேரியன் என்று விதி கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு காரியம் செய்யுங்கள். இடையில் வலி வந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் அங்கே இருப்பவர்களுக்கு இது தெரியாது, முதுகில் ஊசி போட்டுவிடுவார்கள். தாய் சேய் அட்டையின் முன்பக்கத்திலேயே ‘மூளைக் கட்டி உள்ளது, முதுகு ஊசி போடும் முன் கேட்கவும்’ என்று சிவப்பு மையில் டாக்டரையே எழுதித்தரச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 29

பெண் குழந்தை, 2.7 கிலோ! காலையில் செய்தியைப் பார்த்தவுடன் மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். கலைக்கச் சொன்ன மாமாதான் முதலில் வாங்கிக் கொஞ்சினார் என்று எழுதியிருக்கிறீர்கள், கொஞ்சட்டும். லெவிடிராசெட்டம் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். ராத்திரித் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், அதனால் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு அக்காவைத் தொடர்ச்சியாக நாலு மணி நேரமாவது தூங்க விடுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் தூக்கி நடக்கும்போதும் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பால் கொடுப்பதைத் தரையில் பாய்விரித்து உட்கார்ந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

நவம்பர் 16

ஆபரேஷன் முடிந்து கிரேடு 1 என்று வந்திருக்கிறது. தீங்கற்ற வகை. முழுசாக எடுத்துவிட்டதாக எழுதியிருப்பதால் இனிமேல் எம்.ஆர்.ஐ. எப்போது எடுக்க வேண்டும் என்ற தேதியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், வருஷங்கள் போனாலும் விடாதீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது, அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட என்ன வழி. சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி பற்றி நர்ஸ் சொன்னாராம். அது மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன், முன்பு சொன்ன புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கை ஹார்மோன். பிரான்சில் மெனிஞ்சியோமாவுக்கு ஆபரேஷன் ஆன 18,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார்கள். அந்த ஊசியை ஒரு வருஷத்துக்கு மேல் போட்டவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படும் மெனிஞ்சியோமா வரும் அபாயம் ஐந்து மடங்குக்கும் அதிகம். மற்றப் பெண்கள் இதைப் படித்துப் பதறி நிறுத்த வேண்டாம், கட்டியே அரிது என்பதால் ஐந்து மடங்கு ஆனாலும் அரிதுதான். ஆனால் ஏற்கெனவே மெனிஞ்சியோமா வந்த அக்காவுக்கு அது வேண்டாம். காப்பர் டி-யில் ஹார்மோனே இல்லை, நான் அதைத்தான் வைத்துக்கொண்டேன். நர்ஸிடம் போகும்போது பயாப்சி ரிப்போர்ட்டின் நகலையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.